வழக்கில் தோற்ற கர்ட் ஃபிளட், பேஸ்பால் வீரர்களை விடுவித்தாரா?

"அமெரிக்க பேஸ்பாலில் வீரர்கள் ஒரு காலத்தில் கிளப்பின் சொத்தாகவே இருந்தார்கள் என்றும், கர்ட் ஃபிளட் என்பவர் வழக்குப் போட்டு அவர்களை விடுவித்தார் என்றும் படித்தேன். ஆனால் அந்த வழக்கில் அவர் தோற்றுப்போனதாகவும் அதே கட்டுரை சொல்கிறது. தோற்ற வழக்கு எப்படி விடுதலை தரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கிளப்பின் பிடியிலிருந்து வீரர்கள் எந்த வழியாக வெளியே வந்தார்கள் என்பது ஒன்று. அதில் ஃபிளட்டின் பங்கு எவ்வளவு என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆவணங்களை வைத்து உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் என் கருத்தும் கலக்கும். கலக்கும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தொழிலாளர் சட்ட வழக்கறிஞன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொழிற்சங்கங்களின் பக்கம் நின்று வாதாடிவருகிறேன். மேற்படிப்புக்காக செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த இரண்டு ஆண்டுகளில்தான் பேஸ்பால் எனக்குப் பழக்கமாயிற்று. ஃபிளட் ஆடியதும் அந்த நகரத்தின் கார்டினல்ஸ் அணிக்காகத்தான். அவருடைய வழக்கை வகுப்பில் படித்தேன். அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் நான் வாதாடியதில்லை, பொருளாதாரமும் என் துறை அல்ல. அந்த இரண்டையும் தொடும் இடங்களில் நான் சொல்வதைச் சற்றுக் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

"சொத்து" என்ற சொல்லில் மிகை அதிகம் இல்லை. 1879-இல் நேஷனல் லீக் அணிகளின் முதலாளிகள் தங்களுக்குள் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து வீரர்களின் பெயரைக் குறித்துக் கொடுக்கலாம். அந்த ஐவரை வேறு அணி எதுவும் எடுக்காது. பத்து ஆண்டுகள் முடிவதற்குள் அந்த ஐந்து, அணி முழுவதும் என்றாகிவிட்டது. இதுதான் ரிசர்வ் ஷரத்து. ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஆனால் ஆண்டு முடிந்ததும் அதை நீட்டித்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு உண்டு, சம்பளத்தையும் கிளப்பே குறிக்கலாம். வீரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆட வேண்டும், இல்லாவிட்டால் வேறு தொழில் பார்க்கப் போக வேண்டும். கிளப்போ அவரை விற்கலாம், இன்னொரு வீரருக்கு மாற்றாகக் கொடுக்கலாம், வேண்டாம் என்று அனுப்பியும் விடலாம். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் ஆடிக்கொண்டே கொலம்பியாவில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய ஜான் மான்ட்கோமரி வார்ட், 1885-இல் வீரர்களின் முதல் சங்கத்தைத் தொடங்கினார். பேஸ்பால் வீரன் உடைமைப் பொருளா என்று 1887-இலேயே ஒரு பத்திரிகைக் கட்டுரையில் கேட்டவரும் அவர்தான். 1890-இல் அவரும் தோழர்களும் சொந்தமாக ஒரு லீக் நடத்திப் பார்த்தார்கள். அது ஒரே பருவத்தில் பணமின்றி முடங்கியது.

வெளியிலிருந்து யாரும் தட்டிக் கேட்க முடியாதபடி இந்த ஏற்பாட்டுக்குக் காவலாக நின்றது உச்ச நீதிமன்றம். 1922-இல் பால்டிமோர் கிளப் ஒன்று தொடர்ந்த வழக்கில் நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார். பேஸ்பால் ஆட்டம் அந்தந்த ஊரில் நடக்கும் காட்சி. வீரர்கள் மாநிலம் விட்டு மாநிலம் பயணம் செய்வது தற்செயலானது. ஆகவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, ஏகபோகத் தடைச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்றார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு இது. பிறகு வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, ஒளிபரப்புப் பணம் நாடு முழுவதிலும் இருந்து கொட்டியது. 1953-இல் இதே கேள்வி மறுபடி வந்தபோது, பழைய தீர்ப்பு தவறு என்றால் நாடாளுமன்றம் திருத்திக்கொள்ளட்டும் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அதே நீதிமன்றம் 1955-இல் குத்துச்சண்டைக்கும் 1957-இல் அமெரிக்கக் கால்பந்துக்கும் இந்தச் சலுகையைத் தர மறுத்தது. பேஸ்பாலுக்கு மட்டும் ஏன் தனி இடம் என்பதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. அது தேசத்தின் ஆட்டம், எல்லோருடைய பிள்ளைப் பருவமும் அதில் கலந்திருக்கிறது என்ற உணர்வுதான் நீதிபதிகளின் கையைக் கட்டியது என்பது என் கணிப்பு. அதற்கான ஆதாரம் ஃபிளட்டின் தீர்ப்பிலேயே இருக்கிறது. சற்றுப் பின்னால் வருகிறேன்.

கர்ட் ஃபிளட் கார்டினல்ஸ் அணியின் சென்டர் ஃபீல்டர், அதாவது பின்களத்தின் நடுவில் நின்று பந்தைத் தடுப்பவர். 1963 முதல் 1969 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருது வாங்கியவர். 1964, 1967 ஆகிய இரண்டு ஆண்டுகளில், பருவத்தின் இறுதிக் கோப்பைத் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்ற அணியில் இருந்தவர். 1969 அக்டோபரில், 31 வயதில், அவரையும் இன்னும் மூவரையும் பிலடெல்ஃபியா அணிக்குக் கொடுத்துவிட்டு டிக் ஆலனையும் வேறு இருவரையும் கார்டினல்ஸ் வாங்கிக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஊர், நண்பர்கள், தொழில் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பச் சொன்ன செய்தி, அதிகாலையில் கிளப் அலுவலர் ஒருவரின் தொலைபேசி அழைப்பாக வந்தது. பிலடெல்ஃபியா ரசிகர்கள் கறுப்பின வீரர்களை எப்படி நடத்தினார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அங்கிருந்து எப்படியாவது தப்ப வேண்டும் என்றுதான் ஆலனே காத்திருந்தார்.

ஃபிளட் வீரர் சங்கத்தின் தலைவர் மார்வின் மில்லரைப் போய்ப் பார்த்தார். மில்லர் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் ஊறியவர். 1966-இல்தான் பேஸ்பாலுக்கு வந்திருந்தார். வெற்றி வாய்ப்பு மிகக் குறைவு, வென்றாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, உங்கள் ஆட்ட வாழ்க்கை அத்தோடு முடியும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். மற்ற வீரர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் பயன் உண்டா என்று ஃபிளட் கேட்டார். உண்டு என்றார் மில்லர். அது போதும் என்றார் ஃபிளட். கட்சிக்காரருக்கு உண்மை நிலவரத்தைச் சொல்லும் கடமை எனக்கும் உண்டு. அதைக் கேட்ட பிறகும் இப்படிச் சொன்ன ஒருவர் இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த டிசம்பரில் பியூர்ட்டோ ரிக்கோவின் சான் வான் நகரில் அணிகளின் சங்கப் பிரதிநிதிகள் கூடியபோது, கறுப்பினத்தவர் என்பதால்தான் இதைச் செய்கிறீர்களா என்று ஒருவர் அவரிடம் கேட்டார். கறுப்பர்களுக்கு அதிகக் கஷ்டம் என்பது உண்மை, ஆனால் நான் ஒரு பேஸ்பால் வீரனாகத்தான் இங்கே நிற்கிறேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். சங்கம் ஒருமனதாக அவருக்குத் துணை நிற்க முடிவெடுத்து, வழக்குச் செலவையும் ஏற்றது. 1969 டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு ஃபிளட் கடிதம் எழுதினார். மேஜர் லீக்கில் (தொழில்முறை பேஸ்பாலின் உச்சப் படி) பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய பிறகு, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து என்று நினைக்கவில்லை என்பது அதன் சாரம். மனிதர் என்ற முறையில் நீங்கள் சொத்து அல்ல என்பதை ஏற்கிறேன், ஆனால் அது இந்த விஷயத்துக்குப் பொருந்தாது என்று ஆணையர் பதில் எழுதினார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குகிறவர் அடிமையைப் போலப் பேசலாமா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார் ஃபிளட். பத்திரிகைகள் பலவும் அவரை நன்றி கெட்டவர் என்று எழுதின.

1970-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. கறுப்பினத்தவருக்கு 1947-இல் மேஜர் லீக்கின் வாசலைத் திறந்த ஜாக்கி ராபின்சன், நீரிழிவால் உடல் தளர்ந்திருந்த நிலையிலும் வந்து சாட்சி சொன்னார். பழைய நட்சத்திர வீரர் ஹாங்க் கிரீன்பர்க்கும் வந்தார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட நீதிமன்றத்தின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைநீக்கம் ஆன தோழருக்காக சாட்சி சொல்ல வருவதாக வாக்களித்த தொழிலாளர்கள், விசாரணை நாளன்று நீதிமன்ற வளாகத்தின் வேப்பமரத்தடி வரை வந்துவிட்டு, நிர்வாகத்தின் ஆள் நிற்பதைக் கண்டு அப்படியே திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவனின் பயம் அது.

1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃபிளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒன்பதாவது நீதிபதி லூயிஸ் பவல் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். கார்டினல்ஸ் அணிக்குச் சொந்தக்காரரான ஆன்ஹைசர்-புஷ் மதுபான நிறுவனத்தில் அவருக்குப் பங்குகள் இருந்தன. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன், சட்டத்துக்குள் நுழைவதற்கு முன் பேஸ்பாலின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதி, பழைய வீரர்கள் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கியிருக்கிறார். அந்தப் பகுதியில் மட்டும் கையெழுத்திட மாட்டோம் என்று அவருடன் உடன்பட்ட நீதிபதிகளில் இருவரே ஒதுங்கிக்கொண்டார்கள். நான் முன்பு சொன்ன ஆதாரம் இதுதான். பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான் என்பதைத் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. பழைய விலக்கு ஒரு பிறழ்வு என்றும் சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு, ஐம்பது ஆண்டுகளாக இருப்பதால் இருந்துவிட்டுப் போகட்டும், நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிக்கிறது.

ஃபிளட் 1970 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1971-இல் வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். உடலும் மனமும் ஒத்துழைக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். தீர்ப்பு வந்தபோது அவர் ஆட்டக்காரராகவே இல்லை. ஆகவே உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு உறுதியான பதில் இது: நீதிமன்றம் ரிசர்வ் ஷரத்தைத் தொடவே இல்லை.

அதை உடைத்தது வேறொரு கதவு. என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு தாளைக் கொடுப்பேன். பேஸ்பால் வீரர்களின் பழைய ஒப்பந்தப் படிவத்தின் பத்தாவது ஷரத்து, முதல் உட்பிரிவு. மார்ச் 1-க்குள் வீரரும் கிளப்பும் உடன்படாவிட்டால், அடுத்த பத்து நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்து, அதே நிபந்தனைகளின்படி இந்த ஒப்பந்தத்தை ஓராண்டு காலத்துக்குக் கிளப் புதுப்பிக்கலாம் என்று அது சொல்கிறது. எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்று கேட்பேன். முதலாளிகள் சொன்ன பதில்: அதே நிபந்தனைகளில் இந்தப் புதுப்பிக்கும் உரிமையும் அடங்கும், ஆகவே முடிவே இல்லாமல் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மில்லர் சொன்ன பதில்: ஓராண்டு என்றால் ஓராண்டு. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஒரு வீரர் அந்த ஓராண்டை ஆடி முடித்துவிட்டால், அவரைக் கட்டிவைக்க அதன்பின் காகிதம் எதுவும் இல்லை.

மில்லரின் வாசிப்பு சரியா என்று சொல்ல ஒருவர் வேண்டும். 1970 வரை, தகராறுகளில் கடைசி வார்த்தை ஆணையருடையது. ஆணையருக்குச் சம்பளம் கொடுப்பதோ முதலாளிகள். அந்த ஆண்டு சங்கமும் முதலாளிகளும் பேசிச் செய்துகொண்ட கூட்டு பேர ஒப்பந்தத்தில் பெரும்பாலான தகராறுகளுக்கு நடுநிலையான மத்தியஸ்தர் வேண்டும் என்று சங்கம் கேட்டுப் பெற்றது. இந்த முழுக் கதையிலும் மிகப் பெரிய வெற்றி அதுதான் என்பது என் எண்ணம். அந்த நாளில் யாரும் அதைத் தலைப்புச் செய்தி ஆக்கவில்லை.

அதன்பின் கையெழுத்துப் போடாமல் ஆண்டை முடிக்கும் ஒரு வீரர் தேவைப்பட்டார். 1972-இல் கார்டினல்ஸ் அணியின் இளம் கேட்சர் டெட் சிம்மன்ஸ் கையெழுத்துப் போடாமலே ஆடத் தொடங்கினார். ஃபிளட்டைக் கேட்காமலே வேறு அணிக்கு மாற்றிய அதே கிளப், ஜூலைக்குள் அவர் கேட்டதைவிட நல்ல சம்பளத்தில் இரண்டாண்டு ஒப்பந்தம் கொடுத்துச் சமாதானம் செய்தது. கிளப்புகளுக்கு உள்ளூர பயம் வந்துவிட்டது என்பதை மில்லர் அதிலேயே கண்டுகொண்டார். 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் பந்துவீச்சாளர் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற ஒரு நிபந்தனையைக் கேட்டார். மறுத்தார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் ஆண்டை முடித்தார். அவர் கடைசி நேரத்தில் பணத்துக்கு இணங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்காக, மான்ட்ரியால் அணியில் கையெழுத்துப் போடாமல் இருந்து பாதியிலேயே ஆட்டத்தை விட்டுவிட்ட டேவ் மெக்நாலியையும் மில்லர் வழக்கில் சேர்த்துக்கொண்டார். மான்ட்ரியால் நிர்வாகி மெக்நாலியின் ஊருக்கே போய், பயிற்சி முகாமுக்கு வந்தாலே பணம் தருவதாகச் சொன்னார். இனி ஆடப்போவதில்லை, அந்தப் பணத்தை வாங்குவது நேர்மை ஆகாது என்று மெக்நாலி மறுத்துவிட்டார். இவருடைய பெயரையும் ஃபிளட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தகராறை விசாரித்த மூவர் மத்தியஸ்தக் குழுவில் மில்லர் ஒருவர், முதலாளிகளின் பிரதிநிதி ஒருவர், நடுவில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ். நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சைட்ஸ் இரு தரப்பையும் வற்புறுத்தினார். முதலாளிகள் அசையவில்லை. 1975 டிசம்பர் 23 அன்று, ஓராண்டு என்றால் ஓராண்டுதான் என்று அவர் தீர்ப்பளித்தார். அன்றே, அதே மேசையில், அவரை மத்தியஸ்தர் பொறுப்பிலிருந்து நீக்கும் கடிதம் அவர் கையில் கொடுக்கப்பட்டது. முதலாளிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1976-இல் இரண்டு கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்ப்பை உறுதிசெய்தன. ஏறக்குறைய நூறாண்டுக் கட்டு இப்படித்தான் அவிழ்ந்தது.

அடுத்து வந்த பேரத்தில் மில்லர் செய்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஓக்லண்ட் அணியின் முதலாளி சார்லி ஃபின்லி, எல்லா வீரர்களையும் ஆண்டுதோறும் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கிவிடுங்கள் என்றார். அதாவது யார் வேண்டுமானாலும் எந்த அணியோடும் பேசிக்கொள்ளலாம். மில்லர் பயந்தது இதற்குத்தான். நூற்றுக்கணக்கான வீரர்கள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை விழும். மற்ற முதலாளிகள் ஃபின்லியின் பேச்சைக் கேட்கவில்லை. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுகள் முடித்தவருக்கே அந்த உரிமை என்று இரு தரப்பும் உடன்பட்டன. சந்தைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள், விலை ஏறியது. 1967-இல் மேஜர் லீக் வீரரின் சராசரிச் சம்பளம் சுமார் 19,000 டாலர்; 1976-இல் சுமார் 51,000; 1980-இல் சுமார் 1,43,000. ஆறு ஆண்டு விதி இன்றும் இருக்கிறது. 2024 டிசம்பரில் வான் சோட்டோ நியூயார்க் மெட்ஸ் அணியோடு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது அந்த விதியின் வழியாகத்தான்.

இனி ஐயத்துக்குரியவை. ரிசர்வ் ஷரத்து போனால் பணக்கார அணிகளே எல்லாக் கோப்பைகளையும் அள்ளிக்கொள்ளும் என்று முதலாளிகள் பல ஆண்டுகள் சொன்னார்கள். ஷரத்து முழு பலத்தோடு இருந்த 1949 முதல் 1953 வரை ஐந்து ஆண்டுகளும் நியூயார்க் யாங்கீஸ் அணிதான் வேர்ல்டு சீரிஸை வென்றது. ஷரத்து உடைந்த பிறகு 1978 முதல் 1987 வரை பத்து ஆண்டுகளில் பத்து வெவ்வேறு அணிகள் வென்றன. இது உறுதியான கணக்கு. ஆனால் ஃப்ரீ ஏஜென்ட் முறைதான் காரணம் என்று சொல்ல நான் தயங்குவேன். புதிய வீரர்களைப் பின்தங்கிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும் முறை 1965-இலேயே வந்துவிட்டது. அதன் பலனும் இதில் கலந்திருக்கலாம். டிக்கெட் விலை ஏறியதற்கு வீரர்களின் சம்பளம்தான் காரணம் என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். ரசிகர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலையைத்தான் கிளப் வைக்கும், செலவு கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது என்பது பொருளாதார அறிஞர்கள் பலரின் வாதம். என் துறைக்கு வெளியே இருந்தாலும் எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஃபிளட்டின் பங்குக்கு வருகிறேன். இங்கே நான் சொல்வது என் தீர்மானம். அவருடைய வழக்கு நிலுவையில் இருந்தபோதுதான் முதலாளிகள் நடுநிலை மத்தியஸ்தருக்கு இணங்கினார்கள். இதெல்லாம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், நீதிமன்றத்துக்கு வர வேண்டியதில்லை என்று அதே காலத்தில் நீதிபதிகளிடம் வாதாடினார்கள். அப்படி வாதாடிக்கொண்டே பேச்சுவார்த்தை மேசையில் எல்லாவற்றையும் மறுப்பது கடினம். ஆகவே மத்தியஸ்தரின் நாற்காலி கிடைத்ததில் ஃபிளட்டின் வழக்குக்கும் பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன். இது ஊகம், மில்லரின் பேரத் திறமை மட்டுமே போதுமானது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நேரடியாகக் கிடைத்த ஒரு பலனைப் பற்றி மட்டும் சந்தேகம் இல்லை. மேஜர் லீக்கில் பத்து ஆண்டுகளும் அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே அணியிலும் இருந்த வீரரை, அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்ற விதி 1973-இல் வந்தது. அதை இன்றும் ஃபிளட் விதி என்று சொல்கிறார்கள். 1969-இல் அது இருந்திருந்தால் அவர் செயின்ட் லூயிஸிலேயே இருந்திருப்பார்.

ஃபிளட் 1997 ஜனவரியில் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, வீரர்களின் வேலை நிபந்தனைகளில் பேஸ்பாலுக்கு இருந்த பழைய விலக்கை நீக்கியது. ஆனால் மேஜர் லீக் வீரர்களுக்கு மட்டும். அவர்களுக்கோ சங்கத்தின் ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தது. மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள படிகளில் ஆடும் மைனர் லீக் பையன்களை அந்தச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. அவர்கள் 2022-இல்தான் சங்கத்தில் சேர்ந்தார்கள். முதல் கூட்டு பேர ஒப்பந்தம் 2023-இல் வந்தது. அதற்கு முன் கடைசிப் படியில் ஆடியவரின் ஆண்டுச் சம்பளம் 4,800 டாலர். ஒப்பந்தத்துக்குப் பின் 19,800. ஃபிளட்டும் அந்தப் படிகளில் ஏறியவர்தான். 1956-இல், 18 வயதில், வட கரோலினாவில் ஒரு மைனர் லீக் அணியில் ஆடினார். வழியில் அணியினர் உணவகத்தில் சாப்பிடும்போது, கறுப்பின வீரர் என்பதால் அவர் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பருவத்துக்கு அவர் கையெழுத்திட்ட சம்பளம் 4,000 டாலர்.